விண்படை தனிக்குடித்தனம் போன நாள்

உலக வரலாற்றில் எத்தனையோ நாடுகள் விடுதலை பெற்றிருக்கின்றன. ஒரு வராந்தாவின் பாதி விடுதலை பெற்றது அன்றுதான் முதல்முறை. விமானப்படைத் தலைமையகத்தின் மூன்றாம் மாடி வராந்தாவில், பிற்பாதியில் முடங்கிக் கிடந்த விண்வெளிப் பிரிவு நண்பகலில் 'தனிப்படை' ஆனது. கமிட்டிமேல் கமிட்டி போட்டு எடுத்த முடிவு. அவ்வளவு உயரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வெறும் மேகத்தோடு நின்றுவிடுகிறவர்களிடம் கைகட்டி நிற்கலாமா?

அந்தப் பிரிவில் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பெண் அதிகாரிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புதுத் தொப்பி காதுவரை இறங்கியதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். பழைய ராக்கெட்டின் உடைசல் ஒன்று, கப்பல்களுக்குப் புயல் நிலவரம் சொல்லும் செயற்கைக்கோளை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் மோதிவிடும். கோளைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். அவளுடைய தம்பி அந்நேரம் ஒரு சரக்குக் கப்பலில், புயலுக்குப் பக்கத்தில் இருந்தான்.

அனுமதி கேட்டுப் புதுத் தளபதியிடம் ஓடினாள். அவர் படைக்கொடிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமா, கருநீலமா என்பது தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

"கோள் இன்னும் நம்ம பேருக்கு மாறலைம்மா. ஆளுங்க மட்டும்தான் மாறியிருக்கோம். அடுத்த வீட்டுச் சாமான்ல கை வைக்கலாமா?" என்றார்.

வராந்தாவின் முற்பாதிக்கு ஓடினாள். நடுவில் புதிதாக முளைத்திருந்த 'எல்லை'யில் அடையாள அட்டை கேட்டார்கள். விமானப்படைத் தளபதி, சண்டை போட்டுக்கொண்டு போன மருமகளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"கோள் எங்களோடதுதான். நகர்த்தத் தெரிஞ்சவங்கதான் இல்லை. அவங்களைத்தான் இன்னைக்குக் கைதட்டி அனுப்பி வச்சோமே."

"அப்ப நானே நகர்த்தட்டுமா சார்?"

"நீ இப்ப வேற படைம்மா."

திரும்பி வரும்போது தம்பியின் முகமே கண்ணில் நின்றது.  இருக்கையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் கோளை நகர்த்தினாள். உடைசல் விலகிப் போனது. அன்றிரவு தம்பி போன் செய்தான். "புயலைச் சுத்தி வந்துட்டோம்க்கா" என்றான். அவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள்.

மறுநாள் அவளைப் பணிநீக்கம் செய்து உத்தரவு வந்தது. தனிப்படை வந்தால் ஒற்றுமை கெடும் என்று புலம்பியவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். தளபதிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆள் எந்தப் படை, கோள் எந்தப் படை என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பலைக் காப்பாற்ற ஒன்றுகூடக் கிடைக்காத கையெழுத்து, காப்பாற்றியவளை வீட்டுக்கு அனுப்ப இரண்டாகக் கிடைத்தது.