அண்ணாச்சி போட்ட ஃப்ரீ த்ரோ

ஒரு காட்டில், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தின் வாசலில் பதினோரு ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் பொன்னுலிங்கம். கிழங்கு மண்டி வைத்திருக்கும் முள்ளம்பன்றி. காட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

அந்தக் கல்லூரி ஆண்டுதோறும் ரசிகர் கனவு முகாம் என்று ஒன்றை நடத்தும். பணம் கட்டிய ரசிகர்கள் இரண்டு நாள் வீரர்களாக வாழலாம். பெயர் போட்ட பனியன் கிடைக்கும். விடுதியில் தங்கலாம். கோச்சிடம் திட்டு வாங்கலாம். ஞாயிறு மாலை கல்லூரி அணியோடு ஒரு ஆட்டம் உண்டு. அதில் கல்லூரி அணி தோற்றுவிட வேண்டும் என்பது வழக்கம். இந்த வழக்கம் ரசிகர்களுக்கும் தெரியும். இருந்தும் ஜெயித்தவுடன் கண்கலங்குவார்கள்.

அண்ணாச்சி கனவு காண வரவில்லை. தன் வாயைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருந்தார்.

போன வருடத்து இறுதி ஆட்டத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கல்லூரிக்குக் கடைசி நொடியில் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. கோட்டில் நின்று, யாரும் குறுக்கே வராமல், நிதானமாக எறியலாம். எறிந்தவன் எசக்கி என்ற கருமந்தி. இரண்டு பந்தும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. அண்ணாச்சி பார்வையாளர் காலரியில் எழுந்து நின்று, "மரத்துல பொறந்த பயலுக்குக் கம்பத்துல இருக்க கூடை தெரியலையால!" என்று கத்தினார். அவருக்குக் கோபம் வந்தால் முள் விறைக்கும். அக்கம்பக்கத்தில் இருந்த முயல்கள் வேறு வரிசைக்குப் போய்விட்டன.

அந்தச் சத்தம் அன்றோடு நிற்கவில்லை. மண்டியில் கத்தினார், ஆற்றங்கரையில் கத்தினார், கல்யாண வீட்டுப் பந்தியில் கத்தினார். கத்தல் ஊர்க் கருத்தாகிவிட்டது. கல்லூரி எசக்கியை மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைத்தது.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன காலரி நண்பர், நரி குருவையா, ஒரு நாள் கேட்டே விட்டார்.

"நீரு போடுவீரா வே?"

"கண்ணக் கட்டிக்கிட்டுப் போடுவேன்."

"ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டும். போடலன்னா?"

"போடலன்னா இந்தக் காலரியில இனி வாயத் தொறக்க மாட்டேன். சத்தியம்."

அதைக் காலரி முழுக்கக் கேட்டது. அண்ணாச்சிக்கு ஆட்டம் பார்ப்பது என்றால் கத்துவதுதான். கத்தாமல் பார்ப்பதற்கு ஒருவர் எதற்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? அவருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே முகாமுக்குப் பெயர் கொடுத்தார்.

வாசலில் பனியன் கொடுத்துக்கொண்டிருந்தவன் எசக்கிதான். பெஞ்சில் இருப்பவர்களுக்கு முகாமில் எடுபிடி வேலை. அவன் பக்கத்தில் ஒரு சாக்கு நிறையத் தக்கை இருந்தது. பந்து ஓட்டையாகாமல் இருக்க, முள்ளுக்கு ஒன்றாகச் செருக வேண்டும்.

"திரும்புங்க அண்ணாச்சி, முதுகுப் பக்கம் பாக்கி இருக்கு."

"நீதானல அந்த எசக்கி?"

"நாந்தான். கல்யாண வீட்டுல எலையில உக்காந்துக்கிட்டு என்னைத் திட்டுனீங்கள்லா, உங்களுக்குச் சாம்பார் ஊத்துனது எங்க சித்தப்பா."

அண்ணாச்சி பேச்சை மாற்றினார். "தக்கை ரொம்ப இறுக்கமா இருக்குல."

"கோவம் வந்தாத் தெறிச்சிரும். சிரிச்ச முகமா இருங்க."

கோச் ஜெபமணி ஒரு நாரை. நிஜ ஆட்டங்களில் அவர் திட்டுவது அக்கரை வரை கேட்கும். முகாமில் ஆளுக்கு ஒரு திட்டு என்று கட்டணத்திலேயே சேர்த்திருந்தார்கள். அண்ணாச்சியின் முறை வந்ததும் அவர் ஒற்றைக் காலில் எம்பி, "அது என்ன கிழங்கு மூட்டையா? பந்துய்யா, பந்து!" என்று அலறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போதுமா அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் காரமா வேணுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கூட்டிப் போடுங்க சார்."

கூட்டிப் போட்டார். அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து நாலு தக்கை விழுந்தன.

திட்டு கிடைத்ததே தவிர, பந்து போகவில்லை. ஞாயிறு மதியம் வரை அவர் எறிந்ததில் ஒன்றுகூட வளையத்தைத் தொடவில்லை. முதலில் தக்கையைக் குறை சொன்னார். பிறகு காற்றை. பிறகு, கம்பத்தை நட்ட கரையான்களை.

மாலை ஆட்டம் தொடங்கியது. குருவையா சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்லூரி வீரர்கள் ரசிகர்களைக் கண்டதும் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். ஒரு கடமான், யாரும் பக்கத்தில் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டு, எழுந்து மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் கோச் கண்ணைக் காட்ட, எசக்கி போய் அண்ணாச்சியின் கையில் பூப்போல ஒரு தட்டுத் தட்டினான். விசில். ஃப்ரீ த்ரோ.

"என்ன வே, கண்ணக் கட்டலையா?" என்றார் குருவையா.

அண்ணாச்சி எறிந்தார். பந்து பாதி வழியில் விழுந்தது.

விசில் ஊதினார் கோச். "கடமான் கோட்டைத் தாண்டிருச்சு. திரும்பப் போடலாம்."

எறிபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன் எதிரணி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால், தவறிய பந்தை மறுபடி எறியலாம் என்பது விதி. முகாம் இந்த விதியை நம்பித்தான் நடந்தது. எதிரணி முறை போட்டுக்கொண்டு தாண்டியது. கடமானுக்குப் பிறகு புள்ளிமான், புள்ளிமானுக்குப் பிறகு காட்டெருமை. அண்ணாச்சி எறிந்துகொண்டே இருந்தார். முதலில் சிரித்த காலரி, பிறகு இருமியது, பிறகு சத்தமே இல்லை.

அண்ணாச்சிக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏ எசக்கி, அன்னைக்கும் இந்த வளையம் இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?"

"அன்னைக்கு இன்னும் சின்னது அண்ணாச்சி. நீங்க வேற கத்துனீங்கள்லா."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவர் திருந்தியிருப்பார்.

ஆனால் விடுதி மெஸ்ஸை ஏழரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. எசக்கிக்குப் பசி. அடுத்த பந்து வளையத்துக்கு ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தபோது, அவன் எம்பி வாலால் ஒரு தட்டுத் தட்டினான். பந்து மேலே ஏறி, வளையத்துக்குள் விழுந்தது.

காலரி எழுந்துவிட்டது.

"வாலு! வாலு பட்டுச்சு!" என்று குருவையா கத்தினார். "கோச் சார், பாத்தீங்கள்லா?"

"வாலைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லய்யா" என்றார் கோச். அவரும் பரோட்டா சாப்பிடுபவர்தான். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்க பந்து உள்ள போச்சா, இல்லையா?"

அண்ணாச்சி வாலை நன்றாகவே பார்த்திருந்தார். எசக்கியைப் பார்த்தார். காலரியைப் பார்த்தார். அங்கே வாயை மூடிக்கொண்டு உட்காரப்போகும் மீதி ஆயுளை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"போச்சு" என்றார்.

"பொய் சொல்லாதேயும் வே!"

"குருவையா, வெளிய உக்காந்து பாக்கவனுக்கு வாலு மாதிரிதான் தெரியும். உள்ள நின்னு ஆடுனவனுக்குத்தான் அது த்ரோன்னு தெரியும்."

அடுத்த பருவம் முழுவதும் அவர் பனியனோடு முன் வரிசையில் உட்கார்ந்து கத்தினார். முன்பு வெறுமனே கத்தியவர், இப்போது முழங்கை மடக்குவது பற்றியும் மூச்சு விடுவது பற்றியும் விளக்கி விளக்கிக் கத்தினார். குருவையா வேறு காலரிக்குப் போய்விட்டார்.

ஜூலை 14 அன்று, விளையாடிய அனுபவம் உள்ள ரசிகர் என்ற முறையில், கல்லூரியின் அணித் தேர்வுக் குழுவில் பொன்னுலிங்கம் நியமிக்கப்பட்டார். அன்று மாலை அறிவிக்கப்பட்ட அணியில் எசக்கி இல்லை. ஃப்ரீ த்ரோவில் நேர்மை போதாது என்று காரணம் சொல்லப்பட்டது.

நீதி: தகுதி இல்லாமல் அடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. தகுதி இரண்டு நாள் முகாமில் கிடைக்கும், சாப்பாடும் உண்டு.