கட்டை அண்ணையும் பிரேக் பிடிக்காத பொம்மை லொறியும்

உலகத்தில் ஓடுகிற எந்த வாகனத்துக்கும் பிரேக் கிடையாது, அது நிற்பதெல்லாம் நம்மேல் உள்ள இரக்கத்தால்தான் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர், திருகோணமலைத் துறைமுகத்தடியில் நான் வேலை பார்த்த களஞ்சியத்தின் லொறியை ஓட்டிய கட்டை அண்ணை.

பெயரைக் கேட்டுக் குள்ளமான ஆள் என்று நினைக்க வேண்டாம். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். நிறுத்திய வண்டியின் சில்லுக்கு முண்டு கொடுக்க ஒரு மரக்கட்டையைக் கையோடு கொண்டு திரிவார். அதனால் வந்த பெயர். லொறிக்கு வைத்தால் யார் சிரிக்கப்போகிறார்கள்? சைக்கிளுக்கும் வைப்பார். ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பார்க்கப் போனவர், கட்டிலின் காலில் சில்லு இருப்பதைக் கண்டு, அதற்கும் கட்டை வைத்துவிட்டுத்தான் சுகம் விசாரித்தாராம்.

ஆனால் அந்த மனிதருடைய காது இருக்கிறதே, அது வேறு சாதிக் காது. ஆணி முடுக்கும் திருப்புளியின் நுனியைக் கியர்ப்பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே எந்தப் பல்லுத் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அதே பல்லு. ஒருமுறை கப்பல்துறையடியில் பிரேக் போன லொறியை, கியரை மட்டும் மாற்றி மாற்றி, களஞ்சிய வாசலில் பூனை உட்காருவதுபோல் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்தில் இருந்த எனக்கு விஷயம் இறங்கிய பிறகுதான் தெரியும். தெரிந்ததும், நின்றுகொண்டிருந்த லொறிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தேன்.

அது யுத்த காலம். நோர்வேயில் இருந்த என் அக்கா, என் மகளுக்கென்று ரிமோட்டில் ஓடும் பொம்மை லொறி ஒன்றை ஆள் மூலம் அனுப்பியிருந்தா. வழியில் இருந்த சோதனைச் சாவடிகளிலெல்லாம் அது பொம்மைதான் என்று ஓட்டிக்காட்டியே கொண்டுவந்தவர் களைத்துப்போனார். மகள் ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் பாவைப்பிள்ளையிடம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதை வைத்து விளையாடிய குழந்தை நான்தான்.

கொஞ்ச நாளில் லொறிக்கு வருத்தம் வந்தது. மோட்டார் கத்தும், லொறி நகராது. நகர்ந்தாலோ நிற்காது. பிரேக் விசையை எவ்வளவு அழுத்தினாலும் சுவரில் முட்டித்தான் ஓயும். கட்டை அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் வெருகல் பக்கத்து ஆள். குண்டு செய்வார்கள் என்று, அங்கே ஒரு ரோச் லைற் பற்றரி கொண்டுபோகவே தடை. என் லொறியின் வயிற்றில் எட்டுப் பற்றரி வரிசையாகக் கிடப்பதைக் கண்டதும், கோயிலுக்குள் நுழைகிறவர்போலச் செருப்பைக் கழற்றினார்.

அச்சில் சுற்றியிருந்த தலைமயிரையும் மணலையும் எடுத்தார். பாயில் விட்டுப் பார்த்தோம். ஓடியது, நின்றது. சரி, முடிந்தது என்று நான் கையை நீட்டினேன். அண்ணை தரவில்லை.

"வெறும் லொறி நிண்டா அது நிண்டதே தம்பி? பாரம் ஏத்தி இறக்கத்தில விட்டுப் பாக்கவேணும்."

பாரத்துக்குக் கடையில் கடதாசியில் சுற்றித் தந்த சீனிச் சரை ஒன்றைச் சணல் நூலோடு அப்படியே ஏற்றினார். பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பின்னேரம், உவர்மலை இறக்கத்தின் உச்சியில் நின்றோம். பாதி வழியில் கரிக்கட்டியால் ஒரு கோடு கீறி, அதில் நிற்பாட்டவேண்டும் என்றார். இறக்கத்தின் அடியில் ஆமிக்காரரின் காவலரண் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். லொறிதான் பாதியில் நிற்கப்போகிறதே.

கோட்டில் பிரேக்கை அழுத்தினேன். லொறி கோட்டைத் தாண்டியது. இன்னும் அழுத்தினேன். மோட்டார் கீச்சிட்டது, லொறி வேகமாகப் போனது.

காவலரணில் நின்றவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பாருங்கள். ஆளில்லாத சின்ன லொறி. முதுகில் சணல் கட்டிய பொட்டலம். மேட்டின் மேலே, கம்பி நீட்டிய பெட்டியோடு சாரம் கட்டிய ஒருவன். எல்லாரும் மணல்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். லொறி மூட்டையில் மோதிச் சரிந்தது. துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

என் நிலைமையைச் சொல்கிறேன். கையை உயர்த்தவேண்டும் என்று புரிந்தது. கையில் ரிமோட் இருந்தது. எறியலாமா என்று யோசித்தேன்; பெருவிரல் பிரேக்கை விடவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பறந்துபோய், சந்தையில் மீன் விலை கேட்கிற வசனம் மட்டும் வாயில் வந்தது. அதைத்தான் கத்திச் சொன்னேன். இரண்டு தரம்.

"இஞ்ச தாரும்," என்று அண்ணை ரிமோட்டை என் கையிலிருந்து உருவி எடுத்தார். அதைத் தலைக்கு மேல் பிடித்தபடி, பிரேக் போய்விட்டது, ஓட்டியது நான்தான் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இறங்கி நடந்தார். என்னை முழங்காலில் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன்.

பொட்டலத்தை அவரையே பிரிக்கவைத்தார்கள். பிரித்து, சீனியில் ஒரு கிள்ளு வாயில் போட்டுக் காட்டினார். வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவர் லொறியை மல்லாத்தி, மோட்டாரை ஓடவிட்டு, பையிலிருந்த சின்னத் திருப்புளியை ஊன்றிக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். அத்தனை துவக்குகளும் காத்திருந்தன. பிறகு கண்ணைத் திறந்து, வந்து பார்க்கும்படி அங்கே பொறுப்பாக நின்ற கோப்ரலைக் கூப்பிட்டார். அவரும் வந்தார். என்னையும் எழுப்பி அழைத்துப்போனார்கள்.

"ரெண்டு வருத்தம் இல்லைத் தம்பி, ஒண்டுதான்," என்றார் எனக்கு. "இதுக்கு ஓட்டமும் பிரேக்கும் மோட்டர்தான். அதின்ர தண்டில இருக்கிற சின்னப் பல்லுச்சில்லின்ர ஆணி இளகிப்போச்சு. மோட்டர் பிடிச்சாலும் சில்லுக்குத் தெரியேல்ல. பாயில தப்பிச்சுது, பாரத்தில வழுக்கிப்போட்டுது."

கோப்ரல் லொறியைப் பிடித்துக்கொள்ள, அண்ணை ஆணியை இறுக்கினார். சீனியைத் திரும்பக் கட்டி ஏற்றி, உச்சியிலிருந்து கோப்ரலே ஓட்டிப் பார்த்தார். லொறி கோட்டில் நின்றது. கோப்ரலின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வேலை ஞாபகம் வந்ததும் போய்விட்டது. அடையாள அட்டைகளைப் பதிந்து, நன்றாக ஏசி, ரிமோட்டையும் பற்றரிகளையும் வைத்துக்கொண்டு எங்களை விட்டார்கள்.

ஏற்றத்தில் நடக்கும்போது, ஏன் அண்ணை ரிமோட்டைப் பறித்தீர்கள் என்று கேட்டேன்.

"உமக்குக் கை நடுங்கிச்சுது. நடுங்கிற கையில ஆரும் ஸ்டியரிங் குடுக்கிறதே?"

ஓம், அதுதான் சாரதி முறை என்று தலையாட்டினேன். வீட்டில் தேத்தண்ணி குடித்து, மனைவியிடம் கதையைச் சொல்லிக்கொண்டு வரும்போது பாதியில்தான் எனக்கு உறைத்தது. சுட்டிருந்தால், ரிமோட் வைத்திருந்தவனைத்தான் முதலில் சுட்டிருப்பார்கள்.

அடுத்த நாள் காலை களஞ்சியத்துக்கு வேளைக்கே போனேன். அண்ணை லொறிக்கு அடியில் கிடந்தார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஆரது?"

"நான்தான் அண்ணை."

"என்ன விஷயம்?"

"ஒண்டுமில்லை, சும்மா."

"அப்ப வெளிச்சத்தை மறையாமல் தள்ளி நில்லும்."

தள்ளி நின்றேன். வேலைக்கு மணி அடிக்கும்வரை அந்தக் கால்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.