போர்டு பாயின் சட்டை

பம்பாயில் வீட்டை வாடகைக்கு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலை வாடகைக்கு விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் போட்டிருக்கிற சட்டையை வாடகைக்கு விட்டவர் எனக்குத் தெரிந்து போர்டு பாய் ஒருவர்தான்.

எண்பதுகளில் பவாய் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் விரால் பிடிக்கும் போட்டி நடக்கும். நான் செம்பூரிலிருந்து தூண்டிலோடு போவேன். பாய் தாராவியிலிருந்து வருவார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். தாராவியில் பை தைக்கும் கார்கானா, அதாவது சின்னப் பட்டறை, வைத்திருந்தார். அவர் சட்டையில் நெஞ்சுக்கு ஒரு குடைக்கடை, முதுகுக்கு ஒரு டீக்கடை, வலது கைக்கு சலூன், இடது கைக்கு சைக்கிள் கடை. எல்லாம் அவரே துணியில் எழுத்து வெட்டித் தைத்த போர்டுகள். தொப்பியைப் பல்பொடிக்காரருக்குக் கொடுத்திருந்தார்.

இதற்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். சரக்குதான். குடைக்கடையிலிருந்து ஒரு குடும்பமே ஒதுங்கக்கூடிய பெரிய குடை, டீக்கடையிலிருந்து ஃபிளாஸ்க் நிறைய டீ, சலூனில் இலவச ஷேவிங். பதிலுக்கு பாய் கரை முழுக்க அவர்கள் புகழ் பாட வேண்டும். மீன் பிடித்தால் போட்டி நடத்தும் சங்கம் எடுக்கும் போட்டோவில் கடைப் பெயர் தெரிய வேண்டும். அந்தப் போட்டோ கடையில் மாட்டப்படும்.

முதல் பாதியை பாய் பிரமாதமாகச் செய்தார். "இந்தக் கொடைக்குக் கீழ உக்காந்தா நம்ம நெழலே மீனுக்குத் தெரியாதுல்லா" என்பார் என்னிடம். அதையே இந்தியில் மற்றவர்களிடம் சொல்வார். மீன் மட்டும் அவர் பக்கம் எட்டிப் பார்க்காது.

கோப்பை வாங்குவது நான். வெயிலில் கருகுவதும் நான். தோற்றுப்போன மனிதர் நிழலில் உட்கார்ந்து, ஏலக்காய் டீயை உறிஞ்சிக்கொண்டே எனக்குக் கை தட்டுவார். வயிறு எரிந்தது என்று சொல்வது ரொம்ப நாகரிகம். என் சட்டையிலும் ஒரே ஒரு கடைப் பெயர் வேண்டும் என்ற ஏக்கத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாட்டுங்காவில் நான் வழக்கமாகக் காப்பிப்பொடி வாங்கும் கடைக்குப் போனேன். கோப்பையை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கோப்பையை வேஷ்டி நுனியால் தொட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"மீன் பிடிக்கறவர் சட்டையில எங்க கடைப் பேரா? என் கஸ்டமர்ல பாதிப் பேர் வெங்காயமே சாப்பிடறதில்லை, சார்."

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். பாய் தூண்டிலில் ஒரு விரால் விழுந்தது. முழங்கையையும் தாண்டிய விரால். அன்றைக்குக் கோப்பையும் அவருக்கே போனது. நான் கை தட்டினேன். சத்தம் வந்ததா என்று தெரியாது.

ஆனால் பாய் சந்தோஷத்தில் மீனைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்து போட்டோவுக்கு நின்றுவிட்டார். குடைக்கடை முழுசாக மறைந்துபோனது. கழுவி வந்த போட்டோவைப் பார்த்து, பாயின் ஊர்க்காரரான குடைக்கடைக்காரர் கொதித்துப்போய்விட்டாராம்.

"இவ்வளவு பெரிய மீனை எதுக்குய்யா பிடிச்சீரு? சின்னதாப் பிடிச்சிருந்தா என் கடை தெரிஞ்சிருக்கும்லா."

தண்டனையாக, வயிற்றிலும் தன் கடைப் பெயரைப் போடச் சொல்லிவிட்டார். இதைக் கேள்விப்பட்டதும் ஆறுதல் சொல்கிற சாக்கில் தாராவிக்குக் கிளம்பினேன். போனது ரசிக்கத்தான்.

கார்கானாவில் பாய் தையல் மெஷின்முன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சட்டையை எடுத்து நீட்டினார். புதுசு. என் அளவு. நெஞ்சில் தமிழில் கொட்டை எழுத்தில் அவருடைய கார்கானாவின் பெயர்.

"என்ன பாய் இது?"

"எஞ் சட்டையில எங் கடைக்கு எடமே இல்ல சார். ஒங்க சட்டை சும்மாத்தான கெடக்கு. அதுவுமில்லாம, என் கொடைய நீங்க பாக்குற பார்வையில அது கிழிஞ்சிரும்போல இருக்கு."

"தமிழ்ல போட்டிருக்கீங்களே, பவாய்ல யாருக்கு பாய் படிக்கத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குந் தெரியும்லா. எனக்கு வேற எழுத்து வராது. மத்த இந்தி எழுத்தெல்லாம் கடைக்காரங்க போர்டப் பாத்து வெட்டுனது."

பிறகு, தூண்டிலும் ரீலும் வைக்கத் தனித்தனி அறை வைத்துத் தைத்த ஒரு கேன்வாஸ் பையையும் என் தோளில் மாட்டிவிட்டார். சரக்கு கொடுக்காத ஸ்பான்சர் உண்டா என்று கேட்டார். நான் அங்கேயே சட்டையை மாற்றிக்கொண்டேன்.

அந்த மாதமே நான் மறுபடி ஜெயித்தேன். என் விராலும் பெரியதுதான். போட்டோக்காரர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சினார். அந்தப் போட்டோ இன்னமும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் மீனை வலது பக்கமாக, கை கடுக்கத் தள்ளிப் பிடித்திருக்கிறேன். பாயின் கார்கானா பெயரில் ஓர் எழுத்துக்கூட மறையவில்லை.