வெங்கடம்மாளுக்குப் பதிலாக நரசிம்மலு

அடுத்தவரைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் என்று ஓர் இனம் நம் பக்கத்தில் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்யாண வீட்டில் அப்படிப்பட்ட ஒருவரின் சம்சாரத்திடம் "காபி சாப்பிடறீங்களா?" என்று கேளுங்கள், "இவளுக்குக் காபி ஒத்துக்காதுங்க" என்பார் அவர். மகனிடம் "என்ன படிக்கறே, கண்ணு?" என்றால் வகுப்பு, வாத்தியார் பெயர், கணக்கில் வாங்கிய மார்க் வரை அவர் வாயிலிருந்தே வரும். கெட்ட எண்ணமா? துளியும் கிடையாது. எல்லாம் பாசம்.

கிணத்துக்கடவு தேங்காய் வியாபாரி நரசிம்மலு இந்த இனத்தில் முதல் தரம். தொண்ணூற்றேழாம் வருஷம் கார்த்திகையில் அவர் மனைவி வெங்கடம்மாளுக்குத் திடீரென்று இரண்டு காலும் மரத்துப்போயின. மறுநாள் நிற்கவும் முடியவில்லை. அரண்டுபோன நரசிம்மலு அவரை வேனில் படுக்கவைத்துக்கொண்டு பொள்ளாச்சி முழுக்க அலைந்தார். போன இடமெல்லாம் "என்ன பண்ணுது?" என்ற கேள்விக்கு அவரே பதில் சொன்னார். "மாவாட்டினாளுங்க, இடுப்புப் புடிச்சுக்கிச்சு. வாய்வு ஒடம்புங்க." கேட்டவர்களும் அதையே எழுதிக்கொண்டு தைலம் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் கோயம்புத்தூர் நரம்பு டாக்டரிடம் வந்தார்கள். அவர் கையில் ஒரு குண்டூசி. பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வருவார். உணர்ச்சி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் கோளாறு எங்கே என்று பிடித்துவிடலாம்.

"கண்ணை மூடிக்குங்கம்மா. குத்தறது தெரியுதா?"

"தெரியுதுங்க," என்றார் நரசிம்மலு.

"இங்கே?"

"கொஞ்சமாத் தெரியுதுங்க."

"இங்கே?"

"நல்லாவே தெரியுதுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "நான் இன்னும் குத்தவே இல்லீங்க."

நரசிம்மலுவை வெளியே அனுப்பினார்கள். அவர் கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டார். அவளுக்குப் பேசத் தெரியாதே, என்ன சொல்லிவைப்பாளோ? உள்ளிருந்து வெங்கடம்மாளின் குரல் நிதானமாக வந்தது.

"தொப்புளுக்குக் கீழ ஒண்ணுமே தெரியலீங்க. அதுக்கு மேல வந்தாச் சுருக்குனு தெரியுது. நேத்துலருந்து ஒண்ணுக்கும் போகலீங்க."

"ஏனுங்கம்மா, இதை யாருகிட்டயும் சொல்லலையா?"

"என்னைய ஆருமே கேக்கலீங்களே."

நரசிம்மலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும், "ராத்திரி சோறும் திங்கலீங்க" என்று கதவிடுக்கு வழியாக ஒரு பதிலைச் செருகாமல் இருக்க முடியவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத்தில் அழற்சி.

"கிருமிய வெரட்ட வேண்டிய சக்தி, ஆளு தெரியாம சொந்த நரம்பையே அடிச்சுப்போட்டுதுங்க," என்றார் டாக்டர். "காப்பாத்தறதா நெனச்சுத்தான் செய்யுது."

"ஆமாங்க, அப்படித்தானுங்க," என்று அதற்கும் தலையாட்டினார் நரசிம்மலு. இன்னும் நாலு நாள் தைலம் தேய்த்திருந்தால் கால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி ஏறியது. ஆறாம் நாள் கட்டைவிரல் அசைந்தது. தை மாதம் வெங்கடம்மாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். இப்போதெல்லாம் யாராவது "எப்படியிருக்குதுங்க அம்மணி?" என்று விசாரித்தால் நரசிம்மலு வாயைத் திறந்து, மூடி, மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். அந்த வாயை மூடுவதற்குள் அவர் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் இப்படி யாராவது உண்டா?

"சேச்சே, எங்க வீட்டுல கிடையாதுங்க" என்று முந்திக்கொண்டு சொல்கிறீர்களே, ஐயா, நான் கேட்டது உங்கள் பக்கத்தில் இருக்கும் அம்மணியை.