மீமிசல் வரை தாங்கிய டிரில்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டிரில் மெஷின் வாங்குவதற்காக மீமிசல் வரை போய்வந்த ஒரே மனிதர் எங்கள் தெருக் கண்டக்டர்தான். அதுவும் கீழராஜ வீதிக் கடையை விட்டு ஓரடி நகராமல்.

பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கண்டக்டர். மீமிசல் பஸ்ஸில் விசில் ஊதியே ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசில் போகவில்லை. குளிக்கக் கிளம்பும்போதுகூட ஒன்று ஊதிவிட்டுத்தான் போவார். ஓய்வுக்குப் பிறகு சமையலறை அலமாரி, ஜன்னல் திரைக் கம்பி என்று வீட்டைத் தன் கையாலேயே சீர்செய்வதென முடிவெடுத்து, என்னையும் கடைக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் முதலில் சாதாரண டிரில்லை எடுத்து வைத்தார். கான்கிரீட் கூரையில் இறங்குமா என்று கண்டக்டர் கேட்டார். அதற்கு ரோட்டரி ஹேமர்தான் சரி, அது சுற்றிக்கொண்டே உள்ளிருந்து இடிக்கும், நாம் மல்லுக்கட்ட வேண்டாம் என்று ஐந்து கிலோவில் ஒன்றை நீட்டினார் கடைக்காரர். கண்டக்டர் ஸ்டூலில் ஏறி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, புதுக்கோட்டையிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்ல ஆரம்பித்தார். அறந்தாங்கி வருவதற்குள் கை ஆடிவிட்டது.

"இது லாரிங்க. எனக்கு மினி பஸ் போதும்" என்று இறக்கி வைத்தார்.

அடுத்து வந்தது இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய சின்ன ரோட்டரி ஹேமர். அறந்தாங்கி தாண்டியது, ஆவுடையார்கோயில் தாண்டியது, மீமிசலில் கண்ணைத் திறந்தார். கூடியிருந்த கூட்டத்தில் ஒருவர் அந்த ரூட்காரர் போல. அழியாநிலையில் நிற்கவே இல்லையே என்றார். கண்டக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுபடி ஸ்டூலில் ஏறி, புதுக்கோட்டையிலிருந்தே தொடங்கினார்.

பேட்டரியில் ஓடுவதும் இருக்கிறது என்றார் கடைக்காரர்.

"பாதி வழியில டீசல் தீந்து நிக்கிற வண்டி எனக்கு வேணாங்க" என்று வயர் வைத்ததையே வாங்கினார்.

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் மனைவி எங்கள் இருவர் வாயிலும் சர்க்கரையைப் போட்டார். மாப்பிள்ளை துபாயில் இருப்பதால் மகள் இவர்களோடுதான் இருந்தாள். எத்தனையோ வருடம் ஆஸ்பத்திரி, நேர்த்திக்கடன் என்று அலைந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் மாசமாக இருப்பது உறுதியாகியிருந்தது. அதே மூச்சில் சட்டமும் வந்தது. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. பத்து பைசா சில்லறைக்கு ஒரு பஸ்ஸையே நிறுத்தியவர் ஆயிற்றே, சண்டை நிச்சயம் என்று காத்திருந்தேன். அவரோ பெட்டியைப் பீரோ மேல் ஏற்றினார்.

"அவ புள்ள நல்லபடியா வரட்டும் தம்பி. ஓட்ட எங்கிட்டுப் போயிரப் போவுது."

ஆனால் கை சும்மா இருக்குமா? தெருவில் இறங்கிவிட்டார். என் வீட்டுக் கடிகாரத்துக்கு ஓர் ஓட்டை கேட்டேன், நான்கு போட்டார். நாளைக்கு எதற்காவது ஆகும் என்றார். தூசி கொட்டாமல் இருக்க, டீக்கடைப் பேப்பர் கப்பைத் துளை போடும் பிட்டில் குத்தி மாட்டிக்கொள்வார். விசில் ஊதி எல்லோரையும் ஒதுக்கிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார். பணம் நீட்டினால் "ஒங்களுக்கு ஃப்ரீ பாஸ்" என்பார். தெருமுனை மைக்செட்காரருக்கு ஸ்பீக்கர் வைக்க ஒரு சுவர் முழுக்க அலமாரி மாட்டிக் கொடுத்தார். கண்டக்டரின் சொந்த வீட்டில் மட்டும் ஓர் ஓட்டைகூட விழவில்லை.

பேத்தி பிறந்தாள். இனித் தொட்டில் கட்ட வேண்டும். கூரையில் ஃபேன் கொக்கியைத் தவிர வேறில்லை. பிறக்கும் முன் கொக்கி போட வழியில்லை, குழந்தை வந்துவிட்டால் சத்தம் போட வழியில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால், குழந்தை வீட்டுக்கு வரும் அந்த ஒரு பகல்தான் மிச்சம். ஸ்டூல் போட்டார், கப் மாட்டினார், விசில் ஊதினார், அழுத்தினார். அசையவில்லை. பராமரிப்புக்காக மாலை வரை கரண்ட் கிடையாது.

எனக்குப் பேட்டரி ஞாபகம் வந்தது.

"டீசல் தீந்துருச்சு தம்பி" என்று அவரே சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மைக்செட்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து, கையைக் கழுவி, கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கண்டக்டர் ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதடு ஒவ்வொரு ஸ்டாப்பாக நகர்ந்தது. ஆவுடையார்கோயிலில் ஓட்டை முடிந்தது. கொக்கியை முறுக்கி, அதில் தானே தொங்கிப் பார்த்து, இரட்டை விசில் கொடுத்தார். குழந்தையை ஏற்றிவந்த ஆட்டோ தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தொட்டிலில் குழந்தை வீரிட்டது. தாத்தாவை ஆட்டிவிடச் சொன்னார்கள். மனிதருக்குத் தாலாட்டு எங்கே தெரியும்? ஜன்னல் வழியே எங்கள் வீடு வரை கேட்டது, மெதுவாக, ஒவ்வொரு ஸ்டாப்பாக. அழியாநிலையை மறக்கவில்லை. குழந்தை அறந்தாங்கிக்கு முன்பே தூங்கிவிட்டது.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், கடிகாரத்தைச் சுற்றியுள்ள மூன்று ஓட்டைகளையும் அடைத்துவிடவா என்று கேட்டார். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.