ஆம் சொல்லவும்

"நீங்கள் கேட்டது கிரிக்கெட் பற்றிய நூலா?" என்று கேட்டது இயந்திரம்.

"ஓம்," என்றான் மிதுஷன்.

"ஓம். மந்திரம், தியானம், மன அமைதி. இரண்டாம் தட்டு, இடப்பக்கம்."

தட்டு எண் அச்சடித்த துண்டுச் சீட்டு வெளியே வந்தது. மிதுஷன் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டாம் தட்டுக்குப் போனான். கவுண்டருக்குப் பின்னால் நூலகர் ஆரணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் இருந்த அந்தச் சின்ன நூலகத்துக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளை இழுக்க, மூன்று வருடம் கடிதம் எழுதி எழுதி அவள் வாங்கிய இயந்திரம் அது. பேசினால் பதில் சொல்லும். புத்தகத்தை மேலே வைத்தால் இரவலைத் தானே பதியும். தமிழும் நன்றாகத் தெரியும், ஆனால் சென்னைத் தமிழ்; இலங்கையில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள் என்று அதற்குத் தெரியாது. 'ஆம்' என்றால் புரியும், 'ஓம்' என்றால் சாமியாராகிவிடும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேலதிகாரி வருகிறார். இந்த மாதம் பிள்ளைகள் பெயரில் ஐம்பது இரவல் பதிந்திருந்தால் இளையோர் அறை தப்பும். இல்லாவிட்டால் தலைமை அலுவலகத்தில் உட்கார முடியாமல் உடைந்த கதிரைகள் அங்கே குடியேறும்.

அன்று புதன்கிழமை. கணக்கு நாற்பத்தொன்று. அதில் முப்பத்தெட்டு தியானப் புத்தகம்! கிடைத்ததை வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டு எடுத்துப் போகிறார்கள் என்று ஆரணிக்கு மனம் கரைந்தது. இந்தப் பட்டியலை மேலதிகாரி பார்த்தால், மெஷின் கோளாறு என்று எல்லாவற்றையும் வெட்டிவிடுவாரே என்ற பயமும் பிடித்தது. அதற்காக அவள் விடுகிற ஆளில்லை. இயந்திரத்தின் மேல் ஓர் அறிவித்தலை ஒட்டினாள்.

'இங்கே ஓம் சொல்லக் கூடாது. ஆம் சொல்லவும்.'

வியாழன் காலையில் கதவு திறந்ததும் சிவபாதசுந்தரம் நின்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர், தினமும் பேப்பர் வாசிக்க வருகிறவர்.

"பிள்ளை, வெள்ளவத்தையில இருந்துகொண்டு ஓம் சொல்லக் கூடாதெண்டு எழுதினது ஆர்?"

"ஐயா, அது மெஷினுக்காக..."

"மெஷினுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

ஆரணி அறிவித்தலை மாற்றினாள். 'ஓம் சொல்லலாம்' என்று பெரிதாகவும், 'இயந்திரத்திடம் மட்டும் ஆம்' என்று கீழே சிறிதாகவும் எழுதினாள். அன்று மாலை கணக்கு நாற்பத்தாறானது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

சிவபாதசுந்தரம் பெரிய எழுத்தை மட்டும்தான் வாசித்திருந்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு சிநேகிதர்களோடு வந்து, இயந்திரத்தைச் சுற்றிக் கதிரை போட்டு, ஐந்து பேருமாக நீட்டி 'ஓம்' சொன்னார்கள். இயந்திரம் மூச்சு விடாமல் துண்டு அடித்துக் கடைசியில் கடதாசி தீர்ந்து நின்றது. டியூஷனுக்கு இடையில் வந்த பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

"ஐயா, பிள்ளையள் உள்ளுக்கு வர ஏலாமல் திரும்பிப் போகினம்."

"ஏன் போகினம்? அவையும் வந்து சொல்லட்டும். நல்லதுதானே!"

ஆரணி இயந்திரக் கம்பனியின் கிஷாந்துக்குப் போன் எடுத்தாள்.

"திங்கக்கிழமை வாறன், மிஸ்."

"திங்கள் வந்தா உடைஞ்ச கதிரையளுக்குத்தான் தமிழ் படிப்பிக்க வேணும். இப்பவே வாங்கோ, தம்பி!"

கிஷாந்த் வந்தான். இயந்திரம் பழகுவதற்காக ஆரணி இருநூறு தரம் 'ஓம்' சொன்னாள். முடிக்கும்போது தொண்டை கட்டிவிட்டது.

"இனி ஓம் எண்டா ஆம்தான், மிஸ். சரிவராட்டி இந்தப் பட்டனை அமத்துங்கோ, பழையபடி வந்திடும்."

"செத்தாலும் அமத்த மாட்டன்," என்றாள் ஆரணி, கட்டிய குரலில்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மிதுஷன் வந்தான்.

"நீங்கள் கேட்டது கிரிக்கெட் பற்றிய நூலா?"

"ஓம்."

"நன்றி. ஐந்தாம் தட்டு, வலப்பக்கம்."

ஆரணிக்குக் கண் கலங்கிவிட்டது. மிதுஷனோ துண்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வெளியே போனான். அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே போனார்கள். ஒன்பதே முக்காலுக்கும் கணக்கு நாற்பத்தாறுதான்.

கடைசியாக வந்த யதுஷாவும் வெறுங்கையோடு படியிறங்கப் போனாள். பதினாறு வயது, இந்த வருடம் ஓ/எல் பரீட்சை எழுதுகிறவள். ஆரணி ஓடிப்போய் மறித்தாள்.

"பிள்ளை, மெஷின் இப்பதான் சரியா வேலை செய்யுது. பிறகேன் ஒருத்தரும் புத்தகம் எடுக்கிறீங்களில்லை?"

யதுஷா முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சின்னனில இருந்து இந்தியக் கார்ட்டூன் பார்க்கிற எங்களுக்கு ஆம் சொல்லத் தெரியாதோ, மிஸ்? சோதினை கிட்ட வர நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது. அந்தத் தியானப் புத்தகத்தை வாய்விட்டுக் கேட்டா எல்லாரும் பகிடி பண்ணுவினம், மெஷின் பிழையாத் தந்ததெண்டா ஒரு கதையுமில்லை. கெதியா அதைப் பழையபடி பிழையாக்கி விடுங்கோ, கீழ நாலு பேர் நிக்கினம்!"