மழையிலும் நிற்காத ஃபேன்

அன்னிக்கு எனக்கு ஒரே வேலைதான். கரண்ட் பில் ஏன் இப்படி எகிறியிருக்குன்னு கண்டுபிடிக்கணும்.

தொண்ணூறுகள்ல செம்பாக்கம் பக்கத்துல ஒரு பசுமைக்குடில்ல நான் சூப்பர்வைசர். உள்ளே ஏற்றுமதிக்கு ஆர்க்கிட் பூ. சூடு ஏறினா தெர்மோஸ்டாட் தானாவே ஆறு பெரிய ஃபேனையும் ஓடவிடும். குளிர்ந்தா நிறுத்திடும்.

வெளியே அடைமழை. உள்ளே ஆறும் நிக்காம சுத்துது!

"சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா நாளைக்கு வராதீங்க"ன்னுட்டார் முதலாளி. ரெண்டு பொண்ணுங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்.

முதல்ல வாட்ச்மேன் மேல பாய்ஞ்சேன்.

"ஃபேன் போட்டு வேட்டி காய வைக்கிறீங்களா?"

"நான் லுங்கிதான் சார் கட்றேன்."

அடுத்து, பூ பறிக்கிற அக்காங்க.

"ஃபேனுக்கு அடியில தூங்கறீங்களாமே?"

"இந்தக் குளிர்ல எவ சார் தூங்குவா? சாக்கைப் போத்திக்கினு வேலை செய்றோம்."

மனுஷங்க கைவிட்டாச்சு. சாமிதான்.

ஏற்கெனவே ஆயுத பூஜையன்னிக்கே தெர்மோஸ்டாட் பெட்டிக்கு சந்தனம், குங்குமம் வெச்சு, அடியில ஒரு அகல் ஏத்தினேன். மெஷின் நல்லா ஓடட்டுமேன்னு தினமும் ஏத்தினேன். ஃபேன் ஓவரா ஓடுதேன்னு பயந்து போன வாரம் இன்னொண்ணு சேர்த்தேன். இப்போ வேலைக்கே ஆபத்து. மூணாவதும் ஏத்திட்டேன்.

மத்தியானம் சிட்லபாக்கத்திலேருந்து எலெக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"தெர்மோஸ்டாட்."

"அது தெரியுது. கீழ இன்னா?"

"விளக்கு."

"சூடு கீதான்னு பாக்குற பொட்டி சார் அது. அதுக்கே தெனம் சூடு காட்டிக்கினு கீறியே!"

குனிஞ்சு ஊதப் போனார்.

"ஐயோ, வாயால ஊதக் கூடாது! பூவால குளிர வைக்கணும்!"

பக்கத்துல கைக்கு எட்டினது ஆர்க்கிட். மூணு விளக்குக்கு மூணு பூ. எல்லாம் ஏற்றுமதிப் பூ.

கொஞ்ச நேரத்துல ஆறு ஃபேனும் ஒவ்வொண்ணா நின்னுச்சு. அந்த அமைதியில திரும்பிப் பார்த்தா, பின்னாடி முதலாளி.

"அப்போ இத்தனை நாளா உங்க பக்திக்கு நான் பில் கட்டியிருக்கேன்?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா வேலை போகலை. காரணம் கேட்டார், சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் கொடுத்தாச்சு. காரணம் நான்தான்கறது வேற விஷயம்.

அடுத்த வாரம் கார்த்திகை தீபம். கேட்காமலே மூணு நாள் லீவு கொடுத்துட்டார்.